கதிரையும் புலமையும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். என்னிடம் நன்னூலும் தண்டியலங்காரமும் பாடங் கேட்டவர். பின்னர்ப் பல்கலைக்கழகம் புகுந்து முதல் வகுப்பிற் சித்தியெய்தி, அங்கேயே விரிவுரையாளராகி, இன்று பேராசிரியராய் விளங்குபவர். வழமையாக அவர் வந்தால் யாதேனும் ஒரு பாடபேதத்தைப் பற்றியே பேச்சுத் தொடங்கும். அன்றோ திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு, "ஐயா, பீடாதிபதிக்கு என்னை நிக்கச் சொல்லுகினம். நிக்கிறதோ விடுகிறதோ எண்டு தெரியேல்லை" என்றார்.

"ஒரு கிழமை பொறும் தம்பி, யோசிச்சுச் சொல்லுறன்" என்று கூறி அனுப்பினேன். அந்த ஒரு கிழமை மூன்று கிழமையாயிற்று. அவருக்குச் சொல்ல எண்ணியவற்றை ஈண்டு எழுதுவதற்குக் காரணம், அக்கேள்வி அவரொருவருடையது அன்று என்பதே. நமது பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒரு புலமையாளர் இக்கேள்வியோடு உறக்கமின்றி இருக்கின்றார்.

நம்மவர் இதனைச் சிறு விடயமாகக் கருதுவர். துறைத்தலைவர், பீடாதிபதி, துணைவேந்தர் என்னும் பதவிகள் எல்லாம் பூமாலைக்கும் பொன்னாடைக்கும் உரியவை என்பது ஊர்வழக்கு. பதவியேற்ற மறுநாள் பத்திரிகைகளில் வாழ்த்து விளம்பரங்கள் வரும். ஊர்ச் சனசமூக நிலையம் பாராட்டு விழா எடுக்கும். அன்று முதல் அவர் எழுதாமற் போகும் நூல்களுக்காக எவரும் இரங்கற்கூட்டம் வைத்ததை நான் அறியேன்.

யான் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவனல்லன். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிற் பண்டித வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லுபவன். ஆயினும் கதிரை சிறிதாயினும் பெரிதாயினும் அதன் குணம் ஒன்றே. 2004ஆம் ஆண்டில், அப்பொழுது நான் கடமையாற்றிய கல்லூரியில் அதிபர் நோயுற்று நீண்ட விடுமுறையிற் சென்றார். அடுத்த மூத்தவர் நான் என்பதால் பதினொரு மாதம் பதில் அதிபராய் இருக்க நேர்ந்தது. அக்காலத்தில் நான் செய்த பிழையொன்றை இதுவரை அச்சில் ஏற்றியதில்லை.

போர்நிறுத்தம் நிலவிய காலம் அது. கண்டி வீதி திறந்திருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து, உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த மாணாக்கன் ஒருவன், பண்டிதர் பரீட்சைக்குரிய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு ஒருநாட் பின்னேரம் என் அறைக்கு வந்தான். அதிபரின் அத்தாட்சியும் ஒப்பமும் இட்டுப் பதிவுத்தபாலில் அனுப்ப வேண்டும். நான் அப்பொழுது கலித்தொகைப் பாட்டொன்றிற்கு நச்சினார்க்கினியர் கண்ட பொருள் பொருந்துமா பொருந்தாதா என்று ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். "வைத்துவிட்டுப் போம், நாளைக்கு ஒப்பமிட்டு அனுப்புவிக்கிறேன்" என்று சொல்லி, அக்கடிதத்தை மேசை லாச்சியில் வைத்தேன். நாளையும் வந்தது, நாளை மறுநாளும் வந்தது. நச்சினார்க்கினியரோடு எனக்கிருந்த வழக்குத் தீரவில்லை. லாச்சியைத் திறந்தபோது இறுதித் திகதி கடந்து எட்டு நாட்கள்.

பரீட்சைக் கந்தோருக்கு நானே நேரிற் சென்றேன். இலிகிதர் ஒருவர் மரியாதையாகவே எழுந்து நின்று, அறிவித்தற் பலகையிலிருந்த திகதியைச் சுட்டிக் காட்டினார். அவர் பிழையில்லை. அம்மாணாக்கனுக்கு ஓராண்டு போயிற்று. வயலுழவுக்கு ஆள் வேண்டுமென்று தகப்பனார் அழைக்க, அவன் ஊருக்குப் போனான். அடுத்த ஆண்டு வரவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன். 2009க்குப் பின்னர் அவ்வூரவர் சிலரிடம் விசாரித்தேன். அறிந்தவர் ஒருவரையும் காணேன்.

இது சோம்பலால் விளைந்த பிழை என்றால் எனக்கு இத்தனை வருத்தம் இராது. அந்நாட்களில் நான் விடியற்புறம் நான்கு மணிக்கு எழுந்து படித்தவன். விளைந்தது புலமையின் பழக்கத்தால். புலவனுக்குக் காலம் பெரிதன்று. ஒரு சொல்லின் பொருளைப் பத்து ஆண்டு தேடினாலும் அச்சொல் காத்திருக்கும். விண்ணப்பம் காத்திராது. தன் மனத்தைக் கவர்ந்த பொருளே பெரிது, ஏனையவை சிறிது என்று கொள்வது ஆராய்ச்சியாளனுக்குக் குணம். அதே குணம் அதிபர் கதிரையில் ஒரு பிள்ளையின் வாழ்வைத் தட்டிவிடக் கூடியது.

கந்தோர்த் தமிழும் எனக்கு அப்பொழுது அந்நியமாகவே இருந்தது. கோவை என்றவுடன் என் நெஞ்சு திருக்கோவையாருக்குப் போகும்; அங்கே கோவை என்பது கயிற்றாற் கட்டிய கடிதக்கட்டு. கேள்வி என்றால் வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்த பொருள் என்று நான் இருந்தேன். அங்கே கேள்வி கோருதல் என்பது மேசைக்கும் சீமெந்துக்கும் விலை கேட்பது. இவ்விரண்டு அகராதியையும் ஒருவன் ஒருங்கே கற்க வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனோ என்பது ஐயமே.

இனிப் பல்கலைக்கழகத்திற்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை அண்மையில் ஒரு நண்பரிடம் வாங்கி வாசித்தேன். இலக்கணச் சூத்திரம் போல இறுக்கமான நடை. அது துணைவேந்தரை நிறுவனத்தின் பிரதான நிறைவேற்று அலுவலர் என்கிறது. பிரதான கல்வி அலுவலர் என்கிறது. கணக்குக்குப் பொறுப்புடைய அலுவலர் என்றும் கூறுகிறது. வெளியார் பெரும்பான்மையாய் அமரும் பேரவைக்கும் அவரே தலைவர். பேராசிரியர்கள் கூடும் மூதவைக்கும் அவரே தலைவர். ஒரு மனிதருக்கு மூன்று தலை வைத்த சூத்திரம் இது. மூதவையில் அவர் புலவருள் ஒரு புலவர். பேரவையில் நிறுவனத்தின் ஆட்சியாளர். கணக்காய்வாளர் நாயகத்தின் வினாவுக்கும் பாராளுமன்றத்துக் கோப் குழுவின் வினாவுக்கும் விடை இறுக்கும்போது, பத்து ஆண்டுக்கு முன் யாரோ வாங்கிப் பாவியாது பூட்டிவைத்த இயந்திரத்திற்குக் காரணஞ் சொல்லும் கணக்குப்பிள்ளை. காலையில் ஒரு தலை, நண்பகலில் ஒரு தலை, மாலையில் ஒரு தலை என மாற்றி அணியும் இவ்வித்தையை எந்த முதுகலைப் பட்டமும் கற்பிப்பதில்லை.

பீடாதிபதியின் நிலை இதனினும் நுட்பமானது. அவரைப் பீடத்தவரே தெரிவு செய்கின்றனர்; தவணை மூன்று ஆண்டு. அரசாங்கத் திணைக்களத்தில் மேலதிகாரி கட்டளை இடுவார், கீழுள்ளவர் செய்வர். படையிலும் அவ்வாறே. பல்கலைக்கழகத்திலோ தலைவராய் இருப்பவர், தம்மோடு ஒத்த கல்வியும் சிலவேளை தம்மினும் மிக்க கல்வியும் உடையவர்களை நடத்த வேண்டும். அவர்களோ சிந்திப்பதற்கும் மறுப்பதற்கும் என்றே அமர்த்தப்பட்டவர்கள். அன்றியும், மூன்று ஆண்டு கழிந்தபின் அவர் மீண்டும் அதே ஆசிரியர் அறையில், அதே தேநீர் மேசையில், அவர்களோடு அமர வேண்டும். இன்று ஒருவரின் பிந்திய விடைத்தாள்களுக்காகக் கடுஞ்சொற் சொன்னால், நாளை அவரே துறைத்தலைவராய் வந்து தமக்கு நேரசூசி வகுக்கக் கூடும். ஆகையால் நல்லவராகிய பீடாதிபதி பலர் ஒரு வழியைக் கண்டுபிடித்துள்ளனர்: எதனையும் தீர்மானியாது குழு ஒன்றை நியமித்தல். குழு கூடும், அறிக்கை எழுதும், அறிக்கையை ஆராய வேறொரு குழு அமையும்.

இடையில் மாணாக்கர் பெறுபேற்றுக்குக் காத்திருப்பர். பரீட்சை எழுதி மாதங்கள் கழிந்தும் பெறுபேறு வாராமையால், வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதெல்லை கடந்த பட்டதாரிகளை யான் கண்டிருக்கின்றேன். ஓரிருவர் என் அயலவர். விடைத்தாட் கட்டு யாரோ ஒரு பேரறிஞரின் அலுமாரிக்குள் இருக்கும். அவர் அப்பொழுது வெளிநாட்டு மாநாட்டிற்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார். அவ்வலுமாரியும் என் லாச்சியும் ஒரே மரத்திற் செய்தவை.

இந்நாட்டின் முதற் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். அதற்கு முந்திய ஆண்டே பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக வந்தவர். சட்ட அறிஞர். பல்கலைக்கழகக் கட்டளைச்சட்டத்தை வரைந்தவரும் அவரே என்பதால், எந்தப் பிரிவிற் கதவு, எந்தப் பிரிவிற் சுவர் என்பது அவருக்குத் தெரியும். உலகப்போர்க் காலத்திலே கொழும்பில் இடநெருக்கடியோடு தொடங்கி, 1952இற் பேராதனைக்குப் பெயர்க்கும் வரையும் அவர் பட்ட பாட்டைப் பின்னாளில் வெளிவந்த அவரது நினைவுநூல் காட்டுகின்றது. அவ்வேலைகளுக்கிடையில் இந்நாட்டு அரசியலமைப்பு ஆக்கத்திற்கும் துணைநின்றார். 1949இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். கதிரையில் இருந்தும் புலமை குன்றாதவர் என்று அவரைச் சொல்வது மிகையாகாது.

ஆனால் ஜெனிங்ஸைக் காட்டி இக்காலத் துணைவேந்தரைக் கடிவது நீதியன்று. அவர் ஆண்டது சிறு நிறுவனம். ஆங்கிலத்திற் கற்ற, தொகையிற் சிறிய மாணாக்கர் கூட்டம். ஆட்சியாளரின் செவி அவருக்கு எளிதிற் கிட்டியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இற் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகள் வந்தனர், வரவேண்டியவர்களே வந்தனர். விடுதி போதவில்லை, நூல் போதவில்லை, படித்து முடித்தால் வேலை இல்லை. அந்நாளிலிருந்து துணைவேந்தரின் வாசலில் நிற்பது ஒரு புதிய கேள்வி. அதற்கு விடையளிக்கும் நிதி அவர் கையில் இல்லை. கதிரைக்கு ஆளை இருத்தும் முறையும் மாறியது. முற்காலத்தில் அது பல்கலைக்கழகச் சபைகளுக்குள் நடந்தது. 1966, 1972, 1978 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் ஒவ்வொன்றும் அரசின் கையை ஒவ்வொரு விதமாய் உள்ளே நீட்டின. 1978ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழியில், பேரவை மூன்று பெயரை விதந்துரைக்க, சனாதிபதி ஒருவரை நியமிப்பார். முதலிடம் பெற்றவர் வீட்டில் இருப்பதும் மூன்றாமிடத்தவர் கதிரையில் இருப்பதும் இதனால் இயல்வதாயிற்று. இதுபற்றி இன்னும் எழுதலாம்; எழுதினால் இக்கட்டுரை வேறொன்றாகிவிடும்.

யாழ்ப்பாணத்திற்கு வருகின்றேன். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது தலைவராக அமர்ந்தவர் க. கைலாசபதி. நாற்பத்தொரு வயது. அதற்கு முன் தினகரன் ஆசிரியபீடத்தில் இருந்தவர் ஆதலால் பத்திரிகை வாசகர்க்கு அவரைச் சொல்ல வேண்டுவதில்லை. திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலும், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியிலுமாக, ஒன்றுக்கொன்று பல கல் தொலைவான இரண்டு இடங்களில் ஒரு வளாகத்தை அவர் நடத்த வேண்டியிருந்தது. தலைமைக்காலம் முடிந்தபின் அவர் மறுபடி பேராசிரியராய் வகுப்புக்கே திரும்பினார். நம் சமூகத்தில் இதற்குப் "பதவி போயிற்று" என்று பெயர். என் கருத்தில் அது மீட்சி.

1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் சு. வித்தியானந்தன். அவரைப் பலரும் தமிழ்ப் பேராசிரியராகவும், பேராதனையிற் கூத்தை மேடைக்கு உயர்த்தியவராகவும் அறிவர். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். அவருடைய ஆட்சித்திறனுக்கும் அக்கூத்துக்கும் தொடர்புண்டு என்பது என் துணிபு. வட்டக்களரியில் அண்ணாவியார் எங்கே நிற்கின்றார் என்று பாருங்கள். மத்தளத்தோடு நடுவே நிற்பார். அவர் ஆடார். ஆனால் எல்லா வேடமும் அவருக்கு ஆடத் தெரியும். ஓர் ஆட்டக்காரன் காலைப் பிழைத்து வைத்தால், அவனைத் திட்டாது தாளத்தைச் சற்று இறுக்கி அவனை வழிக்குக் கொண்டுவருவார். கூத்து முடிந்தபின் ஊர் கர்ணனைப் புகழும். அண்ணாவியார் மத்தளத்தை உறையிலிட்டு வீடு செல்வார். பட்டணத்துப் பட்டதாரி மாணாக்கரையும் மட்டக்களப்பு அண்ணாவியாரையும் ஒரே களரியில் நிறுத்தி வேலை வாங்கிய ஒருவர், பேரவையையும் மூதவையையும் ஒருங்கு நடத்தக் கற்றிருப்பார் என்பதில் வியப்பென்ன? அவர் காலம் இலகுவானதன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983க்குப் பின் போர். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் பல்கலைக்கழக மைதானத்திலேயே வந்திறங்கினர். கல்வி நிருவாகம் பற்றி எழுதும் மேனாட்டு நூல்களில் இத்தகைய நாளொன்றுக்கு அத்தியாயம் இருக்குமோ அறியேன்.

அவருக்குப் பின் 1988இல் வந்தவர் அ. துரைராசா. மண்ணியல்புகளை ஆராய்ந்த பொறியியலாளர். கேம்பிறிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பவர்களோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரையைத் துறைசார்ந்தோர் இன்றும் எடுத்துக்காட்டுவர். பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாய் இருந்தவர். எந்த நாட்டிலும் கதிரை கிடைத்திருக்கும், இங்கே வந்தார். 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்டபோது துணைவேந்தர் துவிச்சக்கரவண்டியில் வளாகத்துக்குப் போய்வந்ததை எங்கள் தலைமுறையார் கண்ணாரக் கண்டோம். அதனை எளிமை என்று எல்லாரும் போற்றுவர். நான் அதிற் காண்பது வேறொன்று. மாணாக்கனும் விரிவுரையாளனும் காவலாளியும் எவ்வாறு வந்தனரோ அவ்வாறே அவரும் வந்தார்; ஆகையால், "இன்றைக்கு விரிவுரை நடக்கும்" என்று அவர் சொன்னால் எதிர்த்துரைக்க எவருக்கும் வாய் எழவில்லை. கட்டளையிடும் அதிகாரம் ஏட்டளவில் நிற்கும் இடத்தில் இதுவே அதிகாரம். அந்நெருக்கடியிலேதான், 1990இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. 1994இல் நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

கதிரை நூலை மாத்திரமன்றி உயிரையும் கேட்ட நாட்டில் நாம் இருக்கின்றோம் என்பதையும் மறத்தலாகாது. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் இரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15ஆம் நாள் கொழும்பிற் காணாமற் போனார். திரும்பவில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, "ஆகவே புலவரை விட்டுவிட்டு முகாமைத்துவம் கற்ற ஒருவரையோ ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவரையோ இருத்தினால் என்ன? நிறுவனம் ஒழுங்காய் நடக்குமே" என்பார் உளர். இக்கூற்றை முற்றாய்த் தள்ளிவிட எனக்கு வாய் இல்லை. என் லாச்சி எனக்கு எதிர்ச்சாட்சி. பல்கலைக்கழகம் யாது என்று ஆங்கிலத்திற் புகழ்பெற்ற நூல் செய்த நியூமனே, 1854 முதல் 1858 வரை டப்ளினிற் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்து, ஆயர்களோடு இசைந்து நடத்த இயலாது விலகினார். நன்கு எழுதுவது வேறு, நடத்துவது வேறு.

எனினும் ஒரு நாளில் அக்கதிரைக்கு முன் வரும் விடயங்களை எண்ணிப் பாருங்கள். ஓர் இளம் விரிவுரையாளரின் ஆய்வேடு பிறர் நூலைப் பார்த்து எழுதியது என்று முறைப்பாடு வருகிறது. இரண்டு விண்ணப்பதாரருள் ஒருவருக்கு வெளியீடுகள் இருபது, மற்றவருக்கு மூன்று. ஆனால் அம்மூன்றுந்தான் ஆய்வு. மாணாக்கர் தொகை குறைந்ததென்று வடமொழியையோ மெய்யியலையோ மூடலாம் என ஓர் ஆலோசனை. இவற்றுக்குக் கணக்கு விடை சொல்லாது. எது ஆய்வு, எது ஆய்வின் வேடம் என்று மணந்தறியும் மூக்கு வேண்டும். அது பல ஆண்டு நூலோடு உறங்கி எழுந்தவர்க்கே வாய்க்கும். மூடப்போகும் துறையின் மாணாக்கர் தொகையை எவரும் எண்ணிவிடலாம். மூடியபின் அந்நூல்களை வாசிக்க ஆளில்லாத நாட்டின் வறுமையை எண்ணுவதற்கு, அந்நூல்களில் ஒன்றையேனும் வாசித்தவர் அக்கதிரையில் இருக்க வேண்டும். ஆகவே புலமையாளரே இருக்கட்டும். இருக்குமுன் கற்கட்டும் என்பதுவே என் வழக்கு.

எதைக் கற்பது? நன்னூலார் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கினார். நான்கனுள் நிறைகோல் ஒன்றே கதிரைக்கு உரியது என்று முன்பு எண்ணியிருந்தேன். பட்டறிவுக்குப் பின்னர் நிலத்தையே முதலில் வைக்கின்றேன். ஒரு கூட்டத்தில் மூன்று மணிநேரம் ஒருவர் தம்மைக் குத்திப் பேசினாலும் பொறுத்திருந்து, நான்காம் மணியில் அவர் சொன்னவற்றில் உண்மையாயிருந்த ஒரு வாக்கியத்தை எடுத்துத் தீர்மானமாக்கும் பொறுமை அது. வள்ளுவரின் தெரிந்துவினையாடல் அதிகாரத்தையும் நாம் அரசர்க்குரியதென்று பாடஞ் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். தக்கவனை ஆராய்ந்து ஒரு வினையை ஒப்புவித்தபின் அதை அவன் பொறுப்பிலேயே விடுக என்பது அதன் கருத்து. புலவர்க்கு மிகக் கடினமான பாடம் இதுவே. பிறர் எழுதிய கடிதத்தில் ஒற்று மிகாத இடத்தைத் திருத்தாது ஒப்பமிட என்னால் இன்றும் இயலவில்லை. பதினொரு மாதத்தில் எத்தனை கடிதங்களை ஒற்றுக்காகத் திருப்பி எழுதுவித்தேன்! ஒற்றுக்கள் எல்லாம் சரியாயிருந்தன. ஒரு விண்ணப்பம் மாத்திரம் போகவில்லை.

கல்விசாரா ஊழியரை மதித்தலும் கற்கவேண்டியதே. 2012இல் விரிவுரையாளர்கள் கல்விக்கு நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு வேண்டுமென்று மாதக்கணக்கிற் பணியைப் பகிஷ்கரித்தபோது, நியாயம் பற்றி நாடெங்கும் பேச்சிருந்தது. 2024இற் கல்விசாரா ஊழியர் இரண்டு மாதத்துக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்தபோதுதான், குழாயில் நீர் வருவதற்கும் நூலகம் திறப்பதற்கும் பின்னால் ஒரு கை இருப்பது பேராசிரியர் பலர்க்குத் தெரிய வந்தது. இருபது ஆண்டாய் ஒரே மேசையில் இருக்கும் இலிகிதர்க்குச் சட்டத்தின் சந்துபொந்து எல்லாம் தெரியும். தலைவர் தாமே சுற்றுநிருபத்தை வாசியாராயின் அவ்விலிகிதரே பீடாதிபதி.

பகிடிவதையைப் பற்றியும் ஒரு சொல். 1997இற் பேராதனையில் ஒரு தமிழ் மாணாக்கன் அதனால் உயிரிழந்தான். மறு ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் வதை ஒழியவில்லை. அறிந்தும் அறியாதார் போல இருத்தல் இவ்விடயத்திற் கதிரைக்கு மிக வசதியானது. தலைமை என்னும் சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க விரும்புவோர், புதுமுக மாணாக்கர் வரும் முதற் கிழமையில் பீடாதிபதி இராப்பொழுதில் எங்கே நிற்கின்றார் என்று பார்த்தாற் போதும்.

நேற்று என் மாணாக்கர் மறுபடி வந்தார். வேட்புமனுவுக்கு நான்கு நாளே உண்டு என்றார். லாச்சியிலிருந்த அந்தப் பழைய விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று தொட்டு அதனை நான் வீசவில்லை. நிரப்பிய எழுத்து நல்ல வட்டெழுத்து. அதிபரின் ஒப்பத்துக்குரிய கோடு மட்டும் வெறுமையாய் இருந்தது. வாசித்து முடித்து, பேசாதிருந்தார்.

"நில்லும் தம்பி," என்றேன். "வாரத்தில் ஒரு வகுப்பை மாத்திரம் ஒருவருக்கும் விட்டுக் கொடாதேயும், முதலாண்டுப் பிள்ளைகளின்ரை வகுப்பாய் இருக்கட்டும். மூண்டு வருஷம் முடிய எழும்பி வாரும், இன்னுமொருக்கா நில்லும் எண்டு சொல்லுவினம், கேளாதேயும். தண்டிக்கு நீர் எழுதத் தொடங்கின உரை பாதியிலை கிடக்கு."

"வேறை ஏதும் ஐயா?"

"கந்தோரிலை லாச்சியில்லாத மேசையொண்டு கேட்டு வாங்கும்."